ஒரு கிலோவுக்கு நாற்பது கிராம்

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்ததும் "சாப்டியாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, நான் தயாராக வைத்திருக்கும் சண்டையைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். மிச்ச நேரம், தராசு ரிப்பேருக்கு வந்து நிற்பவர்களிடம் "நம்ம பொண்ணுதான், பட்டதாரி" என்று சொல்வதில் போய்விடுகிறது. எனக்குக் கோபம் வாயில் வராது. கையில்தான் வரும். அதனால் கடிதம்.

இன்று காலையும் எழுபது புள்ளி இரண்டு.

பத்தொன்பது நாளாக அதே எண். நூறு கிராம் ஏறவில்லை, நூறு கிராம் இறங்கவில்லை. ஜனவரி நான்காம் தேதி தீயணைப்புத் துறை மருத்துவப் பரிசோதனையில் எழுபத்து நான்கு இருந்தேன். என் உயரத்துக்கு அறுபத்தாறைத் தாண்டக் கூடாதாம். ஏப்ரல் நான்காம் தேதி மறுபரிசோதனை. அன்றும் தாண்டினால் அவ்வளவுதான், பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் மூன்றாவதாக வந்தவள், ஓட்டத்தில் தேறியவள், தராசில் நிற்கிறேன்.

முதல் மாதம் கிடுகிடுவென்று நாலு கிலோ இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. நின்றதும் சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். காலையில் ஒரு முட்டையின் வெள்ளை மட்டும். மதியம் வேகவைத்த காய் ஒரு கிண்ணம். ராத்திரி இரண்டு வெள்ளரிக்காய். சோற்றைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது. தலைக்குக் குளித்தால் முடியைக் காயவைத்துவிட்டுத்தான் தராசில் ஏறுகிறேன். இதற்கு மேல் குறைக்க என்னிடம் நகமும் முடியும்தான் இருக்கின்றன.

உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். "வெயிட்டுல என்ன இருக்கு, ஆள் நல்லா இருந்தா போதும்" என்று போன தடவை சொன்னீர்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் இரண்டு வருஷமாகப் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறேன் அப்பா. அங்கே மேலாளருக்கு என் பெயர் இன்னும் தெரியாது, "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். வேதியியல் படித்தவளுக்குத் தீயணைப்புத் துறையின் இந்தத் தீவிபத்து ஆய்வாளர் வேலை போல இன்னொன்று கிடைக்காது. எரிந்து முடிந்த கட்டடத்துக்குள் போய் எது முதலில் எரிந்தது என்று கண்டுபிடிப்பது. அதிகம் பேச வேண்டாம். பார்க்கத் தெரிந்தால் போதும். எனக்குப் பார்க்கத் தெரியும்.

தராசு பழுதாகிவிட்டதா? நான் விடுதிக்கு வரும்போது நீங்களே பாகம் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தது. உங்கள் கை வைத்ததைச் சந்தேகப்படக் கூடாது என்று இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன்.

இப்படிக்கு,
கோபத்தில் இருக்கும் உங்கள் மகள்


பிப்ரவரி 25

அன்பு மகள் அரைக்கிலோவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் பாதியைத்தான் படித்துக் காட்டினேன். வெள்ளரிக்காய் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்த உன்னைத் துண்டில் சுற்றி, கடைத் தராசில் நானே நிறுத்தேன். ஒன்று எழுநூறு இருந்தாய். பார்க்க வந்தவர்கள் இதென்ன அரைக்கிலோ குழந்தை என்றார்கள், அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஒரு வருஷம் தினமும் நிறுத்தேன். ஐம்பது கிராம் ஏறினால் அன்றைக்கு உன் அம்மா சிரிப்பாள். உன் எடை இறங்கினால் சந்தோஷப்பட எனக்குப் பழக்கம் இல்லை. அதை நான் இனிமேல் கற்றுக்கொள்ள வேண்டும்.

தராசைப் பற்றிக் கேட்டாய். முப்பத்தொரு வருஷத்தில் என் கையில் இருந்து பொய் சொல்லும் தராசு ஒன்றுகூடப் போனதில்லை. முத்திரை போட வரும் அதிகாரி நம் கடைப் பெயரைப் பார்த்தால் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட நாள் உண்டு. நானே கூப்பிட்டு, "சார், வச்சுப் பாத்துட்டே போடுங்க" என்று சொல்லி இருக்கிறேன்.

இருந்தாலும் பார்சலில் அனுப்பு. பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை ஒழுங்காகச் சாப்பிடு. மாடிப்படியில் பார்த்து நட.

அப்பா


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

அறுபத்தேழு புள்ளி நாலு!

பெட்டியைப் பிரித்ததும் தராசைத் தரையில் வைத்து ஏறினேன். இறங்கினேன். மறுபடியும் ஏறினேன். அறையில் என்னோடு இருக்கும் நர்ஸ் அக்கா, "ஏய், அது என்ன ஊஞ்சலா?" என்று கத்தினார். அதே எண். உள்ளே நீங்கள் வைத்திருந்த சீட்டையும் படித்தேன். "அடியில் சிறு கல் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டேன்." ஒரு கல்! அதற்காக இத்தனை நாள் என் உடம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன கடிதத்தில் கொட்டியதற்கெல்லாம் மன்னித்துவிடுங்கள். உங்கள் தராசையும் சந்தேகப்பட்டேன், என்னையும் சந்தேகப்பட்டேன். இன்னும் ஒன்று புள்ளி நாலுதான். ஒரு மாதம் முழுசாக இருக்கிறது.

நர்ஸ் அக்கா ரொம்ப நாளாக ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். "இவ்ளோ கம்மியா தின்னா உடம்பு பயந்துடும்டி. இருக்கறத இறுக்கிப் பிடிச்சுக்கும். தண்ணியையும் விடாது. நீ பட்டினி கெடக்க கெடக்க அது கஞ்சத்தனம் பண்ணும்." நான் கேட்கவே இல்லை. இப்போதுதான் தைரியம் வந்தது. நேற்றில் இருந்து மதியம் ஒரு கிண்ணம் சோறு, பருப்பு, இரண்டு முழு முட்டை. ராத்திரி காய்கறியோடு கொஞ்சம் கடலை, ஒரு டம்ளர் பால். காலையில் மைதானத்தில் ஓடுகிறேன். சாயங்காலம் இரண்டு வாளித் தண்ணீரோடு நாலு மாடி ஏறி இறங்குகிறேன். விடுதிக் காப்பாளர், "மேலே தண்ணி வரலையா?" என்று கேட்டார். வருகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு, தலையை மட்டும் ஆட்டினேன். பிளம்பரை வரவழைத்துவிட்டார்.

முதல் கவளம் சோற்றை வாயில் வைத்தபோது அழுதுவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அந்தக் கல் எவ்வளவு பெரியது? எப்படி உள்ளே போயிருக்கும்? எழுதுங்கள்.

அன்புடன்,
அரைக்கிலோ


மார்ச் 11

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறாய் என்று படித்ததும் அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இப்படியே சாப்பிடு. ஓடு. தூங்கு.

கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்னால் எல்லாருக்கும் தராசு ஞாபகம் வரும். இந்த மாதக் கடைசியில் ஒரு நாள் உன்னைப் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். வந்தால் தராசை இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன்.

அப்பா


மார்ச் 19

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

இன்று காலை உங்கள் தராசு அறுபத்தைந்து புள்ளி ஒன்பது காட்டியது. அறுபத்தாறுக்குக் கீழே. அறையில் குதித்தேன். நர்ஸ் அக்கா, "வா, எங்க ஆஸ்பத்திரில ஒரு தடவ ஏறு, பெரிய டாக்டர் கையெழுத்தோட சீட்டு வாங்கித் தரேன், சட்டம் போட்டு மாட்டிக்கோ" என்று இழுத்துக்கொண்டு போனார். அங்கே அறுபத்தெட்டு புள்ளி ஆறு.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்று அக்கா அடுத்த வார்டுக்குக் கூட்டிப்போனார். அறுபத்தெட்டு புள்ளி ஆறு. பிறந்த குழந்தைகளைத் தவிர அந்த ஆஸ்பத்திரியில் யாரையெல்லாம் நிறுப்பார்களோ அந்த எல்லாத் தராசிலும் ஏறினேன். எல்லாத் தராசும் ஒரே பேச்சுப் பேசின. உங்கள் தராசைத் தவிர.

அறைக்கு வந்து, விடுதிச் சமையலறையில் இருந்து பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கி உங்கள் தராசில் வைத்தேன். நாலு புள்ளி எட்டு. இரண்டு பை வைத்தேன். ஒன்பது புள்ளி ஆறு. ஒரு கிலோவுக்கு நாற்பது கிராம். பிசகாமல், அழகாக, நாற்பது கிராம். அடியில் சிக்கிய கல் இப்படிக் கணக்காகப் பொய் சொல்லாது அப்பா. தவறி நடந்தால் கோணல்மாணலாக இருக்கும். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல வைக்கத் தொழில் தெரிந்த கை வேண்டும்.

பழைய இரும்புக்காரர் ஒருவர் நம் கடைக்கு வந்து, "ஒரு சின்னத் திருப்பு திருப்பி விடுங்க அண்ணே" என்று கேட்டபோது நான் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய தராசைத் தெருவில் வைத்துவிட்டு வந்தீர்கள். அவருக்குச் செய்யாததை எனக்கு எப்படிச் செய்தீர்கள்?

எழுபது புள்ளி இரண்டு என்று அது சொன்ன வரை உங்கள் தராசு உண்மைதான் பேசியது. அதைப் பொய் சொல்ல வைத்துவிட்டு, ஒரு கல்லின் மேல் பழியைப் போட்டீர்கள். நான் அந்தக் கல்லைப் பற்றி ஆசையாக விசாரித்து எழுதினேன். எப்படிச் சிரித்திருப்பீர்கள்?

இந்த இரண்டு வாரத்தில் நிஜமாகவே ஒன்று புள்ளி ஆறு கிலோ இறங்கியிருக்கிறேன். சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இறங்கியது. அக்கா சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சந்தோஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டரைக்கு மேல் இறங்க வேண்டும், பதினாறு நாள் இருக்கிறது. நேற்று வரை, இறங்க வேண்டியது ஒரு கிலோகூட இல்லை என்று நினைத்து நிதானமாக ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை ஓடவே இல்லை. துணி துவைத்தேன்.

எல்லாரும் என் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். வேலை செய்யும் இடத்தில், பேருந்தில், துணிக்கடையில். உங்கள் தராசு ஒன்றுதான் எதுவும் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டியது. அதையும் கெடுத்துவிட்டீர்கள்.

மாதக் கடைசியில் வர வேண்டாம்.

உங்கள் மகள்


மார்ச் 23

அன்பு மகளுக்கு,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. திருகியது நான்தான். கல் எதுவும் இல்லை.

நீ அந்த முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே மாடிப்படியில் மயங்கி ஏழு படி உருண்டதை உன் நர்ஸ் அக்கா எனக்குப் போனில் சொன்னது உனக்குத் தெரியாது. அவளைத் திட்டாதே. தராசில் நான் கை வைத்தது அவளுக்கும் தெரியாது. நெற்றியில் மூன்று தையல் என்றாள். அந்தக் கடிதத்தில் நகத்தைப் பற்றி இருந்தது, முடியைப் பற்றி இருந்தது, தையலைப் பற்றி இல்லை. மகளே, பொய் சொன்னது நான் மட்டும்தானா?

சாப்பிடு என்று நான் சொன்னால் நீ கேட்க மாட்டாய். அம்மா சொன்னாலும் கேட்க மாட்டாய். தராசு சொன்னால் கேட்பாய். அதனால் தராசைச் சொல்ல வைத்தேன். இரண்டு வாரம் சாப்பிட்டுத் தெம்பு வந்ததும் நேரில் வந்து சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று பயந்து தள்ளிப் போட்டேன். கடையில் வேலை அதிகம் என்று எழுதினேனே, அதுவும் பொய். ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் நல்லதுக்குத்தான் செய்தேன். நீயே சொல்கிறாய், சாப்பிட்ட பிறகுதான் இறங்கியது என்று. அப்பாவைப் புரிந்துகொள். வேலை இது போனால் இன்னொன்று வரும்.

நீ வர வேண்டாம் என்றதால் வரவில்லை.

அப்பா


ஏப்ரல் 5

அப்பாவுக்கு,

தையலை மறைத்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மறைத்தது என் நெற்றியை. நீங்கள் மறைத்தது என் காலுக்குக் கீழே இருந்த தரையை. இரண்டும் ஒன்றில்லை.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். போனில் அம்மாவிடம் "முடிஞ்சுது" என்று மட்டும்தான் சொன்னேன்.

பதினாறு நாளும் அக்கா சொன்னபடி சாப்பிட்டேன், பட்டினி கிடக்கவில்லை. காலையிலும் மாலையிலும் ஓடினேன். நேற்று மறுபரிசோதனைக்கு நாங்கள் எண்பது பேர் ஒரு நீளமான வராந்தாவில் நின்றோம். உள்ளே மேசை, டாக்டர், ஒரு குமாஸ்தா, ஒரு மின்தராசு. தராசின் மேல் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் ஒருத்தி அதில் வழுக்கி விழப் பார்த்தாள். குமாஸ்தா எரிச்சலோடு விரிப்பை உருவி மூலையில் எறிந்தார். தராசில் யாரும் இல்லை. திரையில் பூஜ்யம் வரவில்லை. ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் புள்ளி ஏழு. விரிப்பின் எடையைக் கழிக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். விரிப்பு போய்விட்டது, கழிப்பது போகவில்லை. ஏறுகிற எல்லாருக்கும் எழுநூறு கிராம் குறையும்.

வரிசையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

என் முறை வந்தது. ஏறினேன். அறுபத்தைந்து புள்ளி ஆறு. குமாஸ்தா தகுதி என்று எழுதி டிக் அடித்தார். தராசு பொய் சொல்கிறது என்று தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். கூச்சத்தால் இல்லை அப்பா. வேலை வேண்டும் என்பதால். செருப்பை மாட்டுகிறவரைக்கும் நான் அச்சு அசலாக உங்கள் மகளாக இருந்தேன்.

எனக்குப் பின்னால் நின்றவள் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். காலையில் இருந்து வராந்தாவில் வாழைப்பழமாகத் தின்றுகொண்டிருந்தாள். "அக்கா, எனக்கு நாப்பத்தஞ்சு இருக்கணும். போன தடவ முக்கால் கிலோ கம்மி. உங்ககிட்ட இருந்து கொஞ்சம் கடன் குடுங்களேன்" என்று என்னிடம் சிரித்தாள். அவள் ஏறினாள். நாற்பத்து நாலு புள்ளி ஐந்து.

"குறைவு. போம்மா."

"சார், நேத்துதான் சார் வெளிய பார்த்தேன், நாப்பத்தஞ்சுக்கு மேல இருந்துச்சு."

"வெளிய இருக்கறதெல்லாம் ஓட்டைத் தராசு. இது சர்க்கார் தராசு. அடுத்த ஆள்!"

அவள் கையில் பாதிப் பழம் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு வந்த கோபம் அந்தக் குமாஸ்தா மேல் மட்டும் இல்லை. என் மேல், உங்கள் மேல், கையில் ஒரு தராசு கிடைத்ததும் அடுத்தவள் வாழ்க்கையைத் திருகலாம் என்று நினைக்கிற எல்லார் மேலும்.

"சார், இந்தத் தராசு தப்பு" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா சொன்ன?"

"எழுநூறு கிராம் கம்மியா காட்டுது. விரிப்ப எடுத்தீங்க, பூஜ்யம் வைக்கல."

"ஓகோ. உங்கப்பா என்ன தராசுக்கடையா வச்சிருக்காரு?"

"ஆமா."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. டாக்டர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். விரிப்பைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் வைத்தார். ஈர்க்குச்சி ஏறினாள். நாற்பத்தைந்து புள்ளி இரண்டு. அவள் பழத்தோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். சட்டையில் கறை இன்னும் இருக்கிறது.

"விரிப்ப எடுத்ததுக்கு அப்புறம் ஏறுனவங்க எல்லாம் திரும்ப வாங்க" என்றார் குமாஸ்தா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "முதல்ல நீ ஏறும்மா."

அறுபத்தாறு புள்ளி மூன்று.

டாக்டர் நல்லவர். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது முன்னூறு கிராம் இடம் கிடைக்குமா என்று தேடினார் என்று நினைக்கிறேன். கடைசியில் மெதுவாக, "பேசாம போயிருக்கலாமேம்மா" என்றார். கையெழுத்துப் போட்டார். தகுதியில்லை.

முன்னூறு கிராம் அப்பா. நீங்கள் திருகிய தராசை நம்பி நிதானமாக நடந்த அந்தப் பதின்மூன்று நாளில் இந்த முன்னூறு கிராம் இருந்தது. நீங்கள் திருகாமல் இருந்திருந்தால் நான் சாப்பிட்டே இருக்க மாட்டேன், எழுபதிலேயே நின்றிருப்பேன், இன்னும் ஏழு படி உருண்டிருப்பேன் என்பதும் உண்மையாக இருக்கலாம். எது நடந்திருக்கும் என்று எனக்கு இனிமேல் தெரியவே போவதில்லை. அதுதான் ஆறவில்லை. என் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நானே முடிவு எடுத்திருப்பேன். தப்பாகவே எடுத்திருந்தாலும் அது என்னுடையதாக இருந்திருக்கும்.

விடுதிக்கு வந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். முன்பெல்லாம் கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிடுவேன். நேற்றுக் கோபத்தோடேயே சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கழுவி வைத்தேன். கோபம் அப்படியே இருந்தது. பசி மட்டும் போயிருந்தது.

எனக்குப் பதில் எழுதுங்கள். ஆனால் "நல்லதுக்குத்தான் செய்தேன்" என்ற வரி இல்லாமல் எழுதுங்கள். அது இல்லாமல் எழுத வரவில்லை என்றால், வருகிற வரைக்கும் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். சாப்பிட்டேனா என்று அம்மா கேட்கட்டும், சொல்கிறேன்.

உங்கள் மகள்


மே 14

மகளுக்கு,

இது ஆறாவது காகிதம். முதல் ஐந்திலும் அந்த வரி வந்துவிட்டது. ஒன்றில் வேறு வார்த்தை போட்டு ஒளித்து வைத்துப் பார்த்தேன். படித்துப் பார்த்தால் அதே வரிதான். கிழித்துவிட்டேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். உன்னைக் கேட்காமல் உன் உடம்பைப் பற்றி நானே முடிவு எடுத்தேன். உனக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு. பயம் எனக்கு இருந்தது, அதற்கான விலையை நீ கொடுத்தாய்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

அப்பா